சிற்றூர் வங்கித் தலைவர் கையெழுத்திட்ட டாலர்: உள்நாட்டுப் போர் அமெரிக்கப் பணத்தை மாற்றிய கதை

அமெரிக்காவின் பழைய நோட்டுகளில் ஒரு வகை, பார்க்கிறவர்களைக் குழப்பும். மேலே 'நேஷனல் கரன்சி' என்று இருக்கும். நடுவில் எங்கோ ஒரு சிற்றூர் வங்கியின் பெயர். கீழே அந்த வங்கியின் தலைவரும் கேஷியரும் பேனாவால் போட்ட கையெழுத்து. அச்சடித்தது அரசாங்கம், வெளியிட்டது ஊர் வங்கி. அப்படியானால் இது அரசாங்கப் பணமா, தனியார் பணமா? மூவாயிரம் நாலாயிரம் பேர் வாழும் ஓர் ஊரின் வங்கிக்கு நாடு முழுக்கச் செல்லும் பணத்தை வெளியிடும் உரிமை எப்படிக் கிடைத்தது?

மத்திய அரசின் பக்கம் நின்ற வட மாநிலங்களுக்கும் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போர்தான் இதற்குக் காரணம். அதைப் புரிந்துகொள்ள, போருக்கு முன்பு அங்கே பணம் என்பது என்னவாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

போருக்கு முன்: ஊருக்கு ஒரு பணம்

அன்று மத்திய அரசு காகித நோட்டு வெளியிடவில்லை. நாணயங்களை மட்டுமே அடித்தது. மத்திய வங்கியும் கிடையாது. மாநில அரசுகள் வங்கிகளுக்கு உரிமம் கொடுத்தன. அந்த வங்கிகள் தத்தம் பெயரில் நோட்டு அச்சடித்துக் கடனாகக் கொடுத்தன. நோட்டை அந்த வங்கியின் கவுண்டருக்குக் கொண்டுபோனால் அதற்குரிய நாணயம் தருவார்கள் என்பதுதான் நோட்டின் மதிப்பு.

1860 வாக்கில் இப்படி 1,500க்கு மேற்பட்ட வங்கிகள் இருந்தன. ஒவ்வொன்றும் பல மதிப்புகளில் நோட்டு வெளியிட்டதால் ஆயிரக்கணக்கான வகைகள் புழங்கின. இண்டியானாவில் வெளியான 5 டாலர் நோட்டை நியூயார்க்கில் நீட்டினால் கழிவு போட்டுத்தான் வாங்குவார்கள். நாணயமாக மாற்ற அவ்வளவு தூரம் போயாக வேண்டும், அந்த வங்கி இன்னும் இருக்கிறதா என்பதும் சந்தேகம். கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கையேடு வைத்திருந்தார்கள். எந்த வங்கியின் நோட்டுக்கு எவ்வளவு கழிவு, எதற்குக் கள்ளநோட்டு சுற்றுகிறது என்று அதில் பட்டியல் இருக்கும். ஒரு கூலிக்காரர் கையில் சம்பளமாக வந்த நோட்டு அவர் அரிசியோ மாவோ வாங்கும்போது எவ்வளவுக்குப் போகும் என்பது கடைக்காரர் அந்தப் பட்டியலைப் பார்த்த பிறகுதான் தெரியும். இந்த ஏற்பாட்டில் எப்போதும் நஷ்டப்பட்டவர் பணத்தைக் கடைசியாகக் கையில் வாங்கியவர்.

எல்லா வங்கியும் மோசம் என்று சொல்லிவிடவும் முடியாது. இண்டியானா மாநிலத்தின் ஏற்பாடு மிக நன்றாக நடந்தது. 1834இல் தொடங்கிய இண்டியானா ஸ்டேட் வங்கிக்குப் பல ஊர்களில் கிளைகள். ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பங்குதாரர்கள், தனி லாபம். ஆனால் ஒரு கிளை கடனைத் தீர்க்க முடியாமல் விழுந்தால் மற்ற கிளைகள் எல்லாம் சேர்ந்து அதை ஏற்க வேண்டும். அதனால் ஒவ்வொரு கிளையும் மற்றதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தது.

ஃபோர்ட் வெய்ன் ஊர்க் கிளையை இருபது ஆண்டுகள் நடத்தியவர் ஹியூ மெக்கல்லக். வழக்கறிஞராக அந்த ஊருக்கு வந்தவர். 1835இல் கிளையில் கேஷியராகச் சேர்ந்தபோது வங்கித் தொழிலில் அவருக்கு அனுபவமே இல்லை. பிறகு அதன் இடத்துக்கு வந்த 'பேங்க் ஆஃப் தி ஸ்டேட் ஆஃப் இண்டியானா'வுக்குத் தலைவரானார். 1857இல் நிதி நெருக்கடி வந்து நாட்டின் பெரும்பாலான வங்கிகள் நோட்டுக்கு நாணயம் தருவதை நிறுத்தியபோது, நிறுத்தாமல் தாக்குப்பிடித்த சில வங்கிகளில் அவருடையதும் ஒன்று.

'தலைவர்', 'கேஷியர்' என்று சொல்லும்போது ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். அன்றைய அமெரிக்கச் சிற்றூர் வங்கியில் தலைவர் என்பவர் பெரும்பாலும் ஊரின் பெரிய வியாபாரி அல்லது நிலக்காரர், பெரிய பங்குதாரர். அவருடைய பெயரை நம்பித்தான் ஊர் பணம் போட்டது. தினசரி வங்கியை நடத்தியவர் கேஷியர். இன்றைய நிர்வாக இயக்குநருக்கு நிகரான பதவி அது. நோட்டில் இருவரும் கையெழுத்திட வேண்டியிருந்தது இதனால்தான்.

போர் வந்தது, பணம் இல்லை

1860இல் மத்திய அரசின் கடன் சுமார் 6.5 கோடி டாலர். 1865இல் அது 260 கோடியைத் தாண்டியது. நடுவில் நான்கு ஆண்டுகள் துப்பாக்கி, குதிரை, சீருடை, சம்பளம். வரி வசூல் இதற்கு எட்டவே எட்டாது. நிதியமைச்சர் சாமன் சேஸ் முன் மூன்று வழிகள் இருந்தன. மூன்றையும் அவர் பயன்படுத்தினார்.

1. அரசே நோட்டு அச்சடிப்பது. 1861 டிசம்பர் கடைசியில் நியூயார்க் வங்கிகள் தங்கம் தருவதை நிறுத்தின. 1862 பிப்ரவரியில் 15 கோடி டாலருக்குப் புதிய அரசு நோட்டு வெளியிட நாடாளுமன்றம் அனுமதித்தது. பின்பக்கம் பச்சை மை என்பதால் 'கிரீன்பேக்' என்று பெயர். அனுமதி பிறகு 45 கோடி வரை போனது. இந்த நோட்டுக்குத் தங்கம் கிடையாது. அதனால் மதிப்பு சரிந்தது. 1864 கோடையில் ஒரு கிரீன்பேக் டாலரின் மதிப்பு 40 தங்க சென்ட்டுக்கும் கீழே போனது.

2. மக்களிடம் கடன் வாங்குவது. பிலடெல்பியா வங்கியாளர் ஜே குக்கிடம் இந்தப் பொறுப்பு போனது. ஐந்து ஆண்டுக்குப் பிறகு அரசு விரும்பினால் திருப்பலாம், இருபது ஆண்டுக்குள் திருப்பியே ஆக வேண்டும் என்ற 'ஐந்து-இருபது' கடன்பத்திரங்களை அவர் விற்றார். வட்டி 6 சதவீதம், அதுவும் தங்கத்தில். குறைந்தபட்சம் 50 டாலருக்குக்கூட வாங்கலாம். ஊர் ஊராக முகவர்கள், பத்திரிகை விளம்பரம், 50 கோடிக்கு மேல் விற்பனை. ஊர் வங்கியாளர்கள் பலர் இந்த முகவர்களாக இருந்தார்கள். தன் வாடிக்கையாளரிடம் 'இதை வாங்குங்கள்' என்று சொல்ல ஊரில் நம்பிக்கை பெற்ற ஆள் வேண்டும், அது வங்கித் தலைவரிடம் இருந்தது.

3. வங்கிகளையே கடன்பத்திரம் வாங்கவைப்பது. இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது இதுதான்.

1863 சட்டம் எப்படி வேலை செய்தது

1863 பிப்ரவரி 25 அன்று லிங்கன் கையெழுத்திட்ட தேசியக் கரன்சிச் சட்டம், 1864 ஜூன் 3 அன்று திருத்தி எழுதப்பட்டது. சாரம் எளியது. குறைந்தது ஐந்து பேர் சேர்ந்து, சிற்றூரில் 50,000 டாலர் மூலதனம் போட்டால், மத்திய அரசிடமே வங்கி உரிமம் பெறலாம். மூலதனத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கு அரசுக் கடன்பத்திரம் வாங்கி வாஷிங்டனில் ஒப்படைக்க வேண்டும். பதிலுக்கு, பத்திர மதிப்பில் 90 சதவீதத்துக்கு அந்த வங்கியின் பெயர் பொறித்த நோட்டுகள் வரும்.

முக்கியமான மாற்றம் பின்னணியில் இருக்கிறது. வங்கி திவாலானால் நோட்டு வைத்திருப்பவருக்கு அரசே முழுத் தொகையும் கொடுத்துவிடும். பிறகு அந்தப் பத்திரங்களை விற்று ஈடுகட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தேசிய வங்கியும் மற்ற தேசிய வங்கியின் நோட்டைக் கழிவில்லாமல் வாங்கியாக வேண்டும். இறக்குமதித் தீர்வை தவிர மற்ற வரிகளுக்கும் அரசு அதை ஏற்றுக்கொண்டது. ஆக, நோட்டில் எந்த ஊர்ப் பெயர் இருந்தாலும் டாலர் ஒரே டாலர்தான். பின்னர் பல தேசிய வங்கிகள் விழுந்தன, அவற்றில் பணம் போட்டிருந்தவர்கள் நஷ்டப்பட்டார்கள். ஆனால் அந்த வங்கிகளின் நோட்டை வைத்திருந்தவர் எவரும் அதனால் பணம் இழக்கவில்லை. முந்தைய முப்பது ஆண்டுகளோடு ஒப்பிட்டால் சாதாரண மக்களுக்கு இது மிகப் பெரிய விடுதலை. இந்தச் சட்டத்தின் மற்ற குறைகளை எடைபோடும்போது இதை மறந்துவிடக் கூடாது.

லாபக் கணக்கு

வங்கிக்கு என்ன கிடைத்தது? ஒரு எடுத்துக்காட்டு. 50,000 டாலர் மூலதனம் முழுவதையும் ஐந்து-இருபது பத்திரத்தில் போட்ட ஒரு சிற்றூர் வங்கியை எடுத்துக்கொள்வோம். ஊரில் கடனுக்கு 8 சதவீத வட்டி என்று வைப்போம்.

1. பத்திரங்கள் வாஷிங்டனில் இருந்தாலும் வட்டி வங்கிக்கே வரும். ஆண்டுக்கு 3,000 டாலர், தங்கத்தில்.
2. 45,000 டாலர் நோட்டு கையில் வரும். 1864 சட்டப்படி சிற்றூர் வங்கி இதில் 15 சதவீதத்துக்கு ரொக்க இருப்பு வைக்க வேண்டும். அதைக் கழித்தால் 38,250 டாலர் கடனாகப் போகும். வட்டி 3,060.
3. நோட்டுப் புழக்கத்தின் மீது ஆண்டுக்கு 1 சதவீத வரி. அது 450.
4. மிச்சம் 5,610 டாலர். மூலதனத்தில் 11 சதவீதத்துக்கு மேல். அதே 50,000 டாலரை நேரடியாகக் கடன் கொடுத்திருந்தால் கிடைப்பது 4,000.

இதில் செலவையும் வாராக்கடனையும் சேர்க்கவில்லை. மக்களின் டெபாசிட்டையும் சேர்க்கவில்லை. தங்க வட்டியைக் கிரீன்பேக்காக மாற்றினால் 1864இல் அந்த 3,000 இரண்டு மடங்குக்கு மேல் ஆகும். ஒரே பணத்துக்கு இரண்டு வட்டி என்று பின்னாளில் விவசாயிகள் இயக்கங்கள் கோபப்பட்டது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது.

லாபம் இவ்வளவு என்றால் எல்லோரும் ஓடிவந்திருக்க வேண்டுமே? வரவில்லை. 1863இல் வடக்கு ஜெயிக்குமா என்பதே தெரியாது. தோற்றால் பத்திரம் வெறும் காகிதம். அந்தப் பயத்துக்குக் கண்ணெதிரே ஆதாரமும் இருந்தது. இல்லினாய் மாநில வங்கிகள் தங்கள் நோட்டுக்குத் தென்மாநிலங்களின் பத்திரங்களை ஈடாக வைத்திருந்தன. போர் தொடங்கியதும் அவற்றின் விலை சரிந்து, 1861இல் அந்த வங்கிகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கூடவே முதல் சட்டம் ரொக்க இருப்பாக 25 சதவீதம் கேட்டது. பழைய பெயரை விட்டுவிட்டு 'முதலாம் தேசிய வங்கி', 'இரண்டாம் தேசிய வங்கி' என்று எண் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற சேஸின் பிடிவாதமும் பெரிய வங்கிகளுக்குப் பிடிக்கவில்லை.

ஃப்ரீமாண்ட்டின் சார்டிஸ் பிர்ச்சர்ட்

முதல் உரிமம் 1863 ஜூன் 20 அன்று பிலடெல்பியாவுக்குப் போனது. ஐந்தாம் எண் உரிமம் ஒஹையோவின் ஃப்ரீமாண்ட் என்ற ஊருக்கு. அன்று மக்கள்தொகை சுமார் 3,500. வங்கியின் தலைவர் சார்டிஸ் பிர்ச்சர்ட்.

வெர்மாண்ட்டில் பிறந்து, இளைஞராக ஒஹையோ வந்து, கடை வைத்து, நிலம் வாங்கி விற்று வளர்ந்தவர் பிர்ச்சர்ட். 1851இல் ஊரின் முதல் வங்கியைக் கூட்டாளியோடு தொடங்கினார். உரிமம் எதுவும் இல்லாத தனியார் வங்கி அது. அதுதான் 1863இல் ஃப்ரீமாண்ட் முதலாம் தேசிய வங்கியானது. 1874இல் இறக்கும்வரை அவரே தலைவர். திருமணம் செய்துகொள்ளாதவர். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்த அக்கா மகனுக்கு அவர்தான் தந்தை ஸ்தானம். அந்தப் பிள்ளை ரூதர்ஃபோர்ட் ஹேஸ், பின்னாளில் நாட்டின் ஜனாதிபதி. மாமா தேசிய வங்கிக்கு மூலதனம் திரட்டியபோது மருமகன் 23ஆம் ஒஹையோ படைப்பிரிவில் இருந்தார். முந்தைய ஆண்டு சவுத் மவுண்டன் சண்டையில் அவர் கையில் குண்டு பாய்ந்திருந்தது.

போரின் திருப்புமுனையான கெட்டிஸ்பர்க் சண்டை நடந்தது ஜூலை முதல் வாரத்தில். அதற்கு முன்பே முன்வந்த இப்படிப்பட்ட ஊர்கள் போரின் முடிவு தெரியாமல் தங்கள் மூலதனத்தை வடக்கின் பக்கம் கட்டிவிட்டன. லாபக் கணக்கு மட்டுமே இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டுப் பிள்ளையைப் போர்க்களத்துக்கு அனுப்பிவிட்டவர்கள், அரசு தோற்கும் என்ற கணக்கில் பணத்தை வேறெங்கோ ஒளித்துவைத்திருக்க மாட்டார்கள்.

நோட்டு வந்து சேர்ந்ததும் தலைவரின் வேலை கையெழுத்து. நோட்டுகள் நான்கு நான்காக ஒரே தாளில் அச்சாகி வரும். அரசு அதிகாரிகளின் கையெழுத்து அச்சில் இருக்கும், வங்கியின் இரண்டு கையெழுத்தைப் பேனாவால் போட வேண்டும். பிறகுதான் வெட்டிப் பிரிப்பார்கள். மேலே சொன்ன 45,000 டாலர் முழுவதும் 5 டாலர் நோட்டாக வந்தால் 9,000 நோட்டு, 2,250 தாள். நிமிடத்துக்குப் பத்துக் கையெழுத்து என்ற வேகத்தில் போட்டாலும் 15 மணி நேரம். அதே அளவு கேஷியருக்கும். நோட்டு கிழிந்து புதிது வரும்போதெல்லாம் மறுபடியும்.

சிற்றூர் வங்கிகளுக்குப் போர் தூரத்துச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. 1864 அக்டோபர் 19 அன்று தென்தரப்பு வீரர்கள் இருபது பேர் அளவில், கனடா எல்லையைத் தாண்டி வந்து வெர்மாண்ட்டின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் மூன்று வங்கிகளை ஒரே நேரத்தில் கொள்ளையடித்தார்கள். முதலாம் தேசிய வங்கியும் அவற்றில் ஒன்று. 2 லட்சம் டாலருக்கு மேல் போனது, ஒருவர் இறந்தார். செயின்ட் ஆல்பன்ஸ் வங்கியில் இருந்தவர்களைத் தென்னாட்டுக் கூட்டமைப்புக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவும் வைத்தார்கள்.

எதிர்க்கப் போனவரே பொறுப்பேற்றது

மெக்கல்லக்குக்குத் திரும்புவோம். 1862இல் இந்த மசோதா பேச்சுவார்த்தையில் இருந்தபோது அதை எதிர்க்கவே அவர் வாஷிங்டன் போனார். கெட்ட வங்கிகளைத் திருத்துகிறோம் என்று நல்ல மாநில வங்கிகளை ஏன் அழிக்க வேண்டும் என்பது அவர் தரப்பு. 1857ஐத் தாண்டிவந்த வங்கியின் தலைவருக்கு அப்படிக் கேட்கும் உரிமை இருந்தது. அடுத்த ஆண்டே சேஸ் அவரை அழைத்து, புதிய வங்கிகள் அனைத்தையும் மேற்பார்வையிடும் கரன்சி கம்ப்ட்ரோலர் பதவியைக் கொடுத்தார். 1863 மே மாதம் பொறுப்பேற்றார்.

அவர் வந்தது நல்லதாகப் போயிற்று. ஊர் வங்கியாளரின் தயக்கம் என்ன என்று அவருக்குத் தெரியும். எண் போட்ட பெயர் விஷயத்தில் சேஸை இளகவைத்தார், 'நேஷனல்' என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டு பழைய பெயரோடு வரலாம் என்றானது. 1863 டிசம்பரில் தேசிய வங்கிகளுக்கு அவர் அனுப்பிய சுற்றறிக்கை அனுபவசாலியான அண்ணன் தம்பிக்குச் சொல்வது போல இருக்கும். ஊக வணிகத்துக்குக் கடன் கொடுக்காதீர்கள். ஒருவருக்கே பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு அவர் கையில் சிக்காதீர்கள். அதிகாரிகளுக்குத் திருட வேண்டிய அவசியம் வராத அளவுக்குச் சம்பளம் கொடுங்கள், சம்பளத்துக்கு மீறி வாழ்கிறவரை வேலையிலிருந்து நீக்குங்கள். ஃபோர்ட் வெய்னில் கற்றதை அவர் நாட்டுக்கே விதியாக்கினார்.

அப்படியும் மாநில வங்கிகள் பெருவாரியாக மாறவில்லை. 1865 மார்ச் 3 அன்று நாடாளுமன்றம் கடைசி அஸ்திரத்தை எடுத்தது. மாநில வங்கி நோட்டுகள் மீது 10 சதவீத வரி. இது வருமானத்துக்கான வரி கிடையாது, அந்த நோட்டுகளை ஒழிப்பதுதான் நோக்கம். அதே மாதம் மெக்கல்லக் நிதியமைச்சரானார். 1863 கடைசியில் சொற்பமாக இருந்த தேசிய வங்கிகள் 1865 கடைசிக்குள் 1,500ஐத் தாண்டின. அவர் தலைவராக இருந்த இண்டியானா வங்கியின் கிளைகள் பலவும் தேசிய வங்கிகளாயின. வரி செல்லுமா என்ற வழக்கு 1869இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. செல்லும் என்று தீர்ப்பு எழுதிய தலைமை நீதிபதி, அதே சாமன் சேஸ்.

யாருக்கு என்ன கிடைத்தது

சட்டத்தின் பலன் சமமாகப் பரவவில்லை. நோட்டுகளின் மொத்த உச்சவரம்பு 30 கோடி டாலர். முதலில் வந்த வடகிழக்கு மாநிலங்கள் பெரும்பங்கை எடுத்துக்கொண்டன. போர் முடிந்து தெற்கும் மேற்கும் கேட்டபோது மிச்சம் கொஞ்சம்தான். ரோட் ஐலண்டில் தலைக்குப் பல பத்து டாலர் நோட்டு புழங்கியபோது ஆர்கன்சாவில் தலைக்கு ஒரு டாலர்கூட இல்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் கூலிக்கு உழைக்கத் தொடங்கிய நேரத்தில், கூலி கொடுக்க அந்த மண்ணில் பணமே இல்லை. இந்தச் சட்டத்தின் மிகப் பெரிய அநீதி இது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது குறை நிலம். 1864 சட்டம் தேசிய வங்கிகள் நிலத்தை அடமானமாக வைத்துக் கடன் கொடுப்பதைத் தடுத்தது. நிலத்தைச் சட்டென்று விற்றுப் பணமாக்க முடியாது என்ற காரணம் சரிதான். ஆனால் விவசாய ஊரில் நிலம் தவிர வேறென்ன சொத்து இருக்கும்? ஊர் வங்கித் தலைவர் வியாபாரியின் சரக்குக்குக் கடன் தரலாம், விவசாயியின் வயலுக்குத் தர முடியாது. விவசாய நிலத்துக்கு இந்தத் தடை தளர்ந்தது 1913இல்தான்.

மூன்றாவது, பணத்தின் அளவு. நோட்டு எவ்வளவு வெளிவரும் என்பது ஊரின் தேவையைச் சார்ந்திருக்கவில்லை, கடன்பத்திரத்தின் விலையைச் சார்ந்திருந்தது. 1880களில் அரசு கடனை அடைக்க அடைக்கப் பத்திர விலை ஏறியது. வங்கிகள் பத்திரத்தை விற்று நோட்டைத் திரும்பப் பெற்றன. 1882க்கும் 1891க்கும் இடையில் தேசிய வங்கி நோட்டுகளின் அளவு பாதிக்கும் கீழே போனது. அறுவடைக் காலத்தில் பணம் போதாமல் திண்டாடுவது வழக்கமானது. 1907 நிதி நெருக்கடிக்குப் பிறகு 1913இல் ஃபெடரல் ரிசர்வ் என்ற மத்திய வங்கி வந்தது. ஊர்ப் பெயர் பொறித்த நோட்டுகள் 1935இல் நின்றன.

இன்றைய ஸ்டேபிள்காயினோடு ஒப்பிடலாமா?

2025 ஜூலை 18 அன்று அமெரிக்காவில் ஜீனியஸ் சட்டம் கையெழுத்தானது. ஸ்டேபிள்காயின் எனப்படும், டாலருக்கு நிகரான டிஜிட்டல் நாணயத்தைத் தனியார் நிறுவனங்கள் வெளியிடலாம், அதற்கு ஈடாக ரொக்கமோ 93 நாளுக்குள் முதிரும் அரசுப் பத்திரமோ வைக்க வேண்டும் என்கிறது. அப்போதிருந்து 1863 சட்டம் அடிக்கடி பேச்சில் அடிபடுகிறது. ஒப்பீடு பாதி சரி. தனியார் பணம் வெளியிடுகிறவர்களை அரசுக் கடனுக்கு நிரந்தர வாடிக்கையாளராக்குவது இரண்டிலும் பொது. மெக்கல்லக் முதலில் உட்கார்ந்த அதே கம்ப்ட்ரோலர் அலுவலகத்துக்கு இதிலும் மேற்பார்வைப் பொறுப்பு உண்டு.

வேறுபாடுகள் இரண்டு. பத்திரம் குறுகிய காலத்தது என்பதால் விலை ஏற்ற இறக்கச் சிக்கல் இன்று குறைவு. இரண்டாவது வேறுபாடு வைத்திருப்பவரைப் பற்றியது. ஃப்ரீமாண்ட் வங்கி மூடப்பட்டிருந்தால் அதன் 5 டாலர் நோட்டுக்கு அரசு கஜானா அன்றே 5 டாலர் கொடுத்திருக்கும். ஸ்டேபிள்காயின் நிறுவனம் விழுந்தால் வைத்திருப்பவருக்கு ஈட்டுப் பணத்தில் முதல் உரிமை உண்டு, ஆனால் திவால் வழக்கு முடியக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். அரசின் உத்தரவாதம் அதற்குக் கிடையாது.